பிள்ளையின் போதையும் தாயின் சுமையும்

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. பிள்ளை நன்கு வாழும்போது தாயைப் போற்றுவதற்கு இது பயன்படுகிறது. அதே பிள்ளை குடித்துவிட்டுத் தெருவில் தள்ளாடும்போது, தாயைத் தூற்றுவதற்கும் இதுவே பயன்படுகிறது. இம்மொழியில் உள்ள குறையை நெசவாளராகிய நாம் நன்கு அறிவோம். நூல் நல்லதாயிருந்தும் சேலை கெடுவதுண்டு. கஞ்சி குறைந்தால் பாவு இழை அறும். அச்சில் ஒரு பல் கெட்டால் துணி நெடுகக் கோடு விழும். காற்றும் ஈரமும்கூடத் தறியைப் பாதிக்கும். துணி கெட்டதென்றால் இவை அனைத்தையும் ஆராய்ந்து பார்க்கிறோம். பிள்ளை கெட்டான் என்றால் மட்டும் தாய் ஒருத்தியைச் சுட்டிக் காட்டி நின்றுவிடுகிறோம்.

வாலிபர்களிடையே மது, கஞ்சா, புகையிலைப் பொட்டலம், வலி நிவாரண மாத்திரை முதலியவற்றின் தீய பழக்கம் பரவுவதைப் பற்றிப் பலர் பேசுகின்றனர், எழுதுகின்றனர். அப்பழக்கத்தின் பெருஞ்சுமையைத் தாங்கும் தாயைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அவளுடைய நிலை என்ன, குடும்பத்தில் அவளுடைய இடம் எவ்வாறு மாறிப்போகிறது, அவளுக்கு நாம் செய்யத்தக்க உதவி யாது என்பவற்றை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

குணக்கேடா, நோயா?

மதுவின் தீமை நெசவாளர் குடும்பங்களுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. தறிகள் நிறைந்த மாவட்டம் அது. 1948-இல் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு விரிவாக்கப்பட்டது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது, பின் மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003-ஆம் ஆண்டில் சில்லறை மது விற்பனையையும் அரசு நிறுவனமே ஏற்றுக்கொண்டது. சட்டம் பலமுறை மாறியது. வீட்டுத் திண்ணையில் விழித்திருக்கும் தாயின் நிலை அவ்வளவாக மாறவில்லை.

மத்திய அரசின் சார்பில் தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கழகத்தார் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள மக்களில் 14.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துவோராவர். கஞ்சா வகைகளை உபயோகிப்போர் 2.8 சதவீதம், அபின் சார்ந்த பொருள்களை உபயோகிப்போர் 2.1 சதவீதம். இவற்றினும் கவனிக்கத்தக்கது வேறொரு கணக்கு. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறியுள்ளனர். எஞ்சிய 37 பேரை யார் பார்த்துக்கொள்கின்றனர்? வீடு பார்த்துக்கொள்கிறது. வீட்டில் பெரும்பாலும் தாயோ மனைவியோ பார்த்துக்கொள்கின்றனர்.

போதைப் பொருளுக்கு அடிமையாவதை மருத்துவ உலகம் ஒரு நோயாகவே கொள்கிறது. மூளையில் இன்ப உணர்ச்சிக்குரிய பகுதியை இப்பொருள்கள் அளவுக்கு மீறித் தூண்டுகின்றன. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. பழைய அளவு போதாமற் போகிறது. கிடைக்காத நாளில் கை நடுங்குகிறது, உறக்கம் கெடுகிறது, சினம் பொங்குகிறது. ஆய்ந்து முடிவெடுக்கும் ஆற்றலுக்குரிய மூளைப் பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருப்பதால், இளம் வயதில் தொடங்கும் பழக்கம் எளிதில் வேரூன்றுகிறது. மதுவுக்கு அடிமையாகும் தன்மையில் ஏறக்குறையப் பாதி பரம்பரையாக வருவது என்று இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். மற்றப் பாதி நண்பர் குழாம், பொருள் எளிதிற் கிடைத்தல், வேலையின்மை, உள்ளத்து நோய், முதன்முதல் சுவைத்த வயது முதலிய பலவற்றைப் பொறுத்தது. வளர்ப்பு என்பது இவற்றுள் ஒன்றே. ஆதலால், 'நீ வளர்த்த லட்சணம்' என்று தாயை ஏசுவது அறியாமையாகும். அந்த ஏச்சு பிள்ளையைத் திருத்துவதில்லை. தாயின் வாயை அடைப்பதே அதன் பயன்.

தாயின் இடம் மாறும் விதம்

2019-20-ஆம் ஆண்டின் நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவிலும் அதைச் சார்ந்த தொழில்களிலும் ஈடுபட்டோர் சுமார் 35 லட்சம் பேர் எனக் கண்டனர். அவர்களில் 25 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். தார் சுற்றுபவள் அவள். இழை பிணைப்பவள் அவள். பாவுக்குக் கஞ்சி போடும்போது உடன் நிற்பவள் அவள். பல வீடுகளில் தறியில் அமர்பவளும் அவளே. உழவர் வீட்டில் களை எடுப்பதும், மாட்டைப் பேணுவதும், விதையைக் காப்பதும் அவளுடைய வேலை. ஆகவே தாய் தளர்ந்தால் வீட்டின் தொழிலே தளர்கிறது.

பிள்ளை போதையில் வீழ்ந்ததும் முதலில் கெடுவது அவளுடைய உறக்கம். கதவு தட்டப்படும் ஓசைக்காக நள்ளிரவு வரை விழித்திருக்கிறாள். மறுநாள் தறியில் கண் சொருகுகிறது. அறுந்த இழை தெரியாமற் போகிறது. இரத்த அழுத்தமும் தலைவலியும் மனச்சோர்வும் தொடர்கின்றன. இவற்றுக்காக அவள் மருத்துவரிடம் சென்றாலும், உண்மைக் காரணத்தைக் கூறுவதில்லை.

அடுத்துக் கெடுவது வீட்டின் வரவு செலவு. உண்டியலில் சேர்த்த பணம் குறைகிறது. காதிலிருந்த தோடு அடகுக்குப் போகிறது. சுய உதவிக் குழுவில் வாங்கிய கடன் தவணை தவறுகிறது. சங்கம் கொடுத்த நூலில் சில கட்டுகள் வெளியே விலைபோய்விட, துணி ஒப்படைக்கும் நாளில் எடை குறைகிறது. உழவர் வீட்டிலோ பருத்தி விற்ற பணம் வீடு வந்து சேருவதில்லை. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் 'நூல் பாக்கி' என்று ஒரு வரி ஏறும்போது, அவ்வரிக்குப் பின்னால் ஒரு தாயின் பல இரவுகள் இருக்கக்கூடும்.

மூன்றாவதாக, குடும்பத்தில் அவள் வகித்த இடமே மாறுகிறது. அன்பு காட்டுவதும் அறிவுரை கூறுவதும் அவளுடைய பணியாக இருந்தன. இப்போது பிள்ளையின் சட்டைப் பையைச் சோதிக்கும் காவற்காரி ஆகிறாள். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே நின்று அடியைத் தாங்குபவள் ஆகிறாள். 'காய்ச்சல், அதனால் வேலைக்கு வரவில்லை' என்று பிறரிடம் பொய்யுரைப்பவள் ஆகிறாள். மற்றப் பிள்ளைகளின் மீது செல்லவேண்டிய கவனம் முழுவதும் இவன் ஒருவன் மீதே செல்கிறது. மகன் தறியை விட்டு எழுந்துவிட, அந்த இடத்தில் அமர்வதற்காக மகளின் படிப்பு நிறுத்தப்படுகிறது. பிள்ளையைச் சார்ந்து இளைப்பாறவேண்டிய வயதில், தாய் மீண்டும் தறிக்குழியில் இறங்குகிறாள்.

இறுதியாக, அவள் ஊரிலிருந்தே ஒதுங்கிவிடுகிறாள். திருமணத்துக்குப் போவதில்லை; திருவிழாவுக்குப் போவதில்லை; சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கும் வருவதில்லை. யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்னும் அச்சமே காரணம். உதவி மிகவும் தேவைப்படும் காலத்தில் உதவக்கூடியவர்களை விட்டு அவள் விலகிப்போகிறாள். இந்நோய் குடும்பத்துக்குச் செய்யும் கேடுகளில் இதுவே கொடியது என்பது நமது எண்ணம்.

மறைப்பதால் விளைவது

தாய் ஏன் மறைக்கிறாள் என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று அஞ்சுகிறாள். போலீசார் பிடித்துச் செல்வார்கள் என்று அஞ்சுகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வானோ என்று அஞ்சுகிறாள். அவன் கேட்கும் பணத்தைக் கொடுக்கிறாள். அவன் பட்ட கடனை அடைக்கிறாள். அவன் சார்பில் மன்னிப்புக் கேட்கிறாள். இவையெல்லாம் அன்பினால் விளைவன, இதில் ஐயமில்லை. ஆயினும், குடியினால் வரும் நஷ்டத்தைக் குடிப்பவன் உணராதபடி இவை ஒரு திரையாக நின்றுவிடுகின்றன. அவன் வயிறு நிறைகிறது, கடன் தீர்கிறது, மானம் காக்கப்படுகிறது. பழக்கத்தை விடுவதற்கு அவனுக்குக் காரணம் ஒன்றும் தோன்றுவதில்லை.

இங்கிலாந்து, மெக்சிகோ, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் இத்தகைய குடும்பத்தாரை ஆர்ஃபோர்டு என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். மொழியும் வழக்கமும் வேறுபட்ட அக்குடும்பங்களில் துயரம் ஒரே விதமாக இருந்தது. குடும்பத்தார் மூன்று வழிகளையே மாறி மாறிக் கையாண்டனர்: பொறுத்துப் போவது, எதிர்த்து நிற்பது, விலகிக்கொள்வது. எவ்வழியைக் கொண்டாலும் அது தவறென்று அவர்களுக்கே தோன்றியது. நம் தாய்மாரின் அனுபவமும் இதுவே அன்றோ?

செய்யத்தகாதன மூன்று

முதலாவது, மறைவாக மருந்து கொடுப்பது. 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொடிகளையும் சொட்டு மருந்துகளையும் தாய்மார் பலர் நம்பிவிடுகின்றனர். குடியை வெறுக்கச் செய்யும் டைசல்பிராம் என்னும் மருந்து மருத்துவத்தில் உண்டு. அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் தாழ்ந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் நோயாளிக்கு அறிவித்து, அவர் சம்மதத்தைப் பெற்று, மருத்துவர் மேற்பார்வையிலேயே அதைக் கொடுக்கவேண்டும். என்ன கலந்தது என்று தெரியாத பொடியைக் குழம்பில் கலப்பது பேராபத்து.

இரண்டாவது, அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்துவது. நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் நடுக்கமும் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தோன்றுவதும் நேரிடலாம். மருத்துவ உதவியின்றி விட்டால் மரணமும் உண்டாகலாம். அபின் சார்ந்த மாத்திரைகளிலோ ஆபத்து வேறு விதமானது. சில நாட்கள் நிறுத்தியவர் மீண்டும் பழைய அளவையே எடுத்துக்கொண்டால் உடல் அதைத் தாங்காமல் மூச்சு நின்றுவிடலாம். எனவே நிறுத்துவது மருத்துவர் துணையோடு நடைபெறவேண்டும்.

மூன்றாவது, 'கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்' என்று திருமணம் செய்துவைப்பது. உறவினர் யாவரும் கூறும் யோசனை இதுதான். நோய்க்குத் திருமணம் மருந்தாவதில்லை. ஒரு தாய் சுமந்த பாரத்தை ஒன்றும் அறியாத மற்றொரு பெண்ணின் தலையில் ஏற்றுவதே அதன் முடிவு. பெண்ணைப் பெற்றவர்கள் நம் அங்கத்தினர்களிலும் உள்ளனர். அவர்கள் நிலையில் நின்று இதைச் சிந்திக்கவேண்டும்.

தாய் செய்யக்கூடியது

'அவனாக மனம் வைத்தாலொழிய ஒன்றும் ஆகாது' என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இது முழு உண்மையன்று. 1999-ஆம் ஆண்டில் மில்லர், மேயர்ஸ், டோனிகன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் குடும்பத்தாரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி அதன் முடிவை வெளியிட்டனர். குடும்பத்தார் தம் சொந்த மன அமைதியைத் தேடும் வழியைப் பின்பற்றிய பிரிவில், நோயாளிகளில் 13 சதவீதத்தினர் சிகிச்சைக்கு வந்தனர். உறவினர் ஒன்றுகூடி நேருக்கு நேர் எடுத்துரைக்கும் முறையில் 30 சதவீதத்தினர் வந்தனர். குடும்பத்தாருக்கே தகுந்த நடைமுறைகளைக் கற்பித்த மூன்றாம் பிரிவில் 64 சதவீதத்தினர் வந்தனர். மூன்று பிரிவுகளிலும் குடும்பத்தாரின் மனநிலை ஒருங்கே சீரடைந்தது என்பதும் கருதத்தக்கது. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும், உதவி பெற்ற தாய் நலமடைகிறாள்.

அம்மூன்றாம் முறையின் சாரம் எளியது. போதையில் இருக்கும்போது வாதாடலாகாது. தெளிவாக இருக்கும் காலைப்பொழுதில், சில சொற்களில், சினமின்றிப் பேசவேண்டும். குடிக்காத நாளில் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து, உடன் அமர்ந்து உண்டு, மகிழ்ச்சியை வெளிக்காட்டவேண்டும். குடித்த நாளில் சண்டையுமின்றி உபசாரமுமின்றி விலகியிருக்கவேண்டும். அவன் பட்ட கடனை அவனே ஏற்கும்படி விடவேண்டும். பணம் கொடுப்பதை நிறுத்தவேண்டும். சோறு போடுவதை நிறுத்தவேண்டியதில்லை. 'எனக்கு ஏதாவது வழி இல்லையா?' என்று அவன் தளர்ந்து கேட்கும் நாள் ஒன்று வரும். அன்றே அழைத்துச் செல்வதற்கு எந்த மருத்துவமனை, எந்த நேரம் என்பதை முன்னதாகவே விசாரித்து வைத்திருக்கவேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைக் காணலாம். போதை மீட்புக்கென மத்திய அரசு 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அமைத்துள்ளது. 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மனநல உதவி எண் 14416. தாய் தன் மனத்துயரைச் சொல்வதற்கும் இவ்வெண்ணை அழைக்கலாம். போலீசைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு விடை உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 64-ஏ என்னும் பிரிவு, உபயோகித்த குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளான அடிமை தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சை பெற்றால், அவ்வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. விற்போருக்கு இச்சலுகை இல்லை. குழந்தைகளுக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்போருக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மகன் கை நீட்டுவானாயின் தாய் அதைப் பொறுத்துக்கொள்ளவேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டுமன்றித் தாய்க்கும் பாதுகாப்பளிக்கிறது. பெண்கள் உதவிக்கான எண் 181. வீட்டில் பூச்சிமருந்து வைத்திருக்கும் உழவர்கள் அதைப் பூட்டிவைத்துச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவேண்டும்; போதையிலும் மனத்துயரிலும் ஒரு கணத்தில் நேரும் விபரீதத்தை ஒரு பூட்டுத் தடுக்கக்கூடும்.

சிகிச்சைக்குப் பின் மீண்டும் வழுக்கி விழுவோர் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் என அமெரிக்க மருத்துவ நிறுவனம் ஒன்று கணிக்கிறது. இரத்த அழுத்தம், ஆஸ்துமா முதலியவற்றிலும் நோய் திரும்புவது ஏறத்தாழ இதே அளவில் உள்ளது. ஆதலால் ஒருமுறை வழுக்கினால் எல்லாம் வீண் என்று கருதவேண்டாம். அறுந்த பாவை நாம் எறிந்துவிடுவதில்லை, பிணைத்து நெய்கிறோம்.

சங்கத்தின் கடமை

தன் கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980-இல் சென்னையில் போதை மீட்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். குடும்பத்தாருக்கும் பயிற்சி அளிப்பது அந்நிலையத்தின் முறை. திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்தில் ஊரார் ஒத்துழைப்புடன் அந்நிலையத்தார் சிகிச்சை முகாம்கள் நடத்தினர். ஊர் கூடினால் இக்காரியத்தில் ஊரும் ஒரு மருத்துவமனை ஆகலாம் என்பதற்கு இது சான்று. ஊர் கூடுவதென்பது கூட்டுறவாளர்களாகிய நமக்குப் பழகிய காரியமே.

சங்கங்கள் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. நெய்தவளின் கூலி அவளுடைய பெயரிலேயே உள்ள கணக்கில் சேரவேண்டும். மகனோ பிறரோ வந்து கேட்டால் கொடுக்கலாகாது. நூல் வழங்கும்போது அங்கத்தினரே வந்து கையொப்பமிட்டுப் பெறவேண்டும். பாக்கி ஏறும் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன், நிர்வாகக் குழுவிலுள்ள பெண் ஒருவர் நேரில் சென்று விசாரிக்கவேண்டும். அங்கே கேட்டது அலுவலகத் திண்ணையில் பேச்சாக மாறலாகாது. சிகிச்சை பெற்றுத் திரும்பும் வாலிபனுக்கு ஒரு தறியும் ஒரு பாவும் கொடுத்து, வேலையில் அமர்த்தவேண்டும். தறி ஓசை கேட்கும் வீட்டில் நம்பிக்கையும் திரும்பும்.

தாய்மாருக்கென மாதம் ஒருமுறை ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவதும் நன்று. குடும்பத்தாருக்கு உதவும் முறை ஒன்றை ஆர்ஃபோர்டும் அவருடைய நண்பர்களும் ஐந்து படிகளாக வகுத்துள்ளனர்: குறையைக் கேட்டல், நோயைப் பற்றிய விவரம் கூறல், கைக்கொள்ளத்தக்க வழிகளைச் சேர்ந்து ஆராய்தல், துணை நிற்போரைத் தேடித் தருதல், மேலும் வேண்டுவன யாவை எனக் காணல். இவற்றைச் செய்வதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. பயிற்சி பெற்ற, பொறுமையுள்ள ஒருவர் போதும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-இல் அமெரிக்காவில் தோன்றிய அல்-அனான் என்னும் அமைப்பின் கூட்டங்கள் நம் மாநிலத்து நகரங்களிலும் நடைபெறுகின்றன. ஒத்த துயரமுடையோர் ஒருவர்க்கொருவர் செவி கொடுப்பதே அங்கு நடப்பது. அதற்குக் கட்டணமுமில்லை.

முதலிற் கேட்கும் படிதான் யாவற்றுள்ளும் முக்கியமானது. அடுத்த கூட்டத்துக்கு எந்த அங்கத்தினர் வரவில்லை என்று செயலாளர்கள் பார்க்கட்டும். பல மாதங்களாக வராதிருக்கும் தாய் ஒருத்தி இருப்பாளாயின், அவளைத் தேடிச் செல்வோமாக. 'உன் பிள்ளை ஏன் இப்படி ஆனான்?' என்று கேட்கவேண்டாம். 'நீ எப்படி இருக்கிறாய், அம்மா?' என்று கேட்போம். அவள் மறுமொழி கூறத் தொடங்கியதும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருப்போம்.